சோலோவை ஒப்பிக்காதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், பொள்ளாச்சி, கோபிப் பக்கத்துக் கல்லூரி இசைக்குழுக்களில் கிட்டார் வாசிக்கும் தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும்,



பீளமேட்டிலிருந்து பெருந்துறை வரைக்கும் நம் பக்கத்துக் கல்லூரி விழா மேடைகளின் முன்னால் உட்கார்ந்து கேட்டு வருகிறவன் நான். வயதில் உங்களுக்கு மூத்தவன். கிட்டார் வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் என் பிழைப்பு. முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைவேகம் எங்கள் தலைமுறைக்கு வாய்க்காதது. ஒரு பாட்டின் லீடைப் பிடிக்க நாங்கள் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, நாடா தேய்ந்துபோகக் கேட்டோம். உங்களுக்குக் கைபேசியிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. வீடியோ பாதி வேகத்தில் ஓடுகிறது. எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், எந்த விரல் என்பது வரை திரையில் தெரிகிறது. அதனால் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வின் கடைசியில் வரும் இரட்டைச் சோலோவை இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் பிசிறில்லாமல் வாசிக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் அடுத்த நிமிடம் தெரியும். பாடகர் உற்சாகத்தில் பல்லவியை இன்னொரு முறை எடுத்துவிடுவார். டிரம்மர் சளைக்காமல் கூடவே போவார். கீபோர்டுக்காரர் ‘நீ எடு’ என்று கண்ணைக் காட்டுவார். அந்த இடத்தில் நம் கிட்டார்க்காரரின் கை நின்றுவிடும். உருப்போட்ட இருபத்து நான்கு பார் தீர்ந்துவிட்டது. இருபத்தைந்தாவது பாருக்கு அவரிடம் சரக்கு இல்லை. அந்த இருபத்தைந்தாவது பாரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்த உருப்போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாதா என்ன? நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துப் பள்ளிகளை ‘பிராய்லர் பள்ளிகள்’ என்று தமிழ்நாடே கேலி பேசிய காலம் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைக்கிறார்கள் என்ற புகார் வலுத்த பிறகு, 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. விடையை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பழகிய கையால்தான் நாம் கிட்டாரையும் எடுக்கிறோம். சோலோவும் பத்து மதிப்பெண் வினாவாகிவிடுகிறது. கிரேடு தேர்வுக்குப் போகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வில் ‘செஷன் ஸ்கில்ஸ்’ என்ற பகுதியில் பிளேபேக், இம்ப்ரவைசிங் என்று இரண்டு வழி இருக்கிறது. காட்டியதைத் திருப்பி வாசிப்பது முதல் வழி. கொடுத்த இசையின் மேல் சொந்தமாக வாசிப்பது இரண்டாவது. முதல் வழிதான் பத்திரம் என்று யாரும் சொல்லித்தராமலே நாம் முடிவு செய்துகொள்கிறோம்.

நீங்கள் ஒப்பிக்கும் சோலோக்கள் எப்படிப் பிறந்தன என்று கொஞ்சம் பாருங்கள். பிங்க் ஃபிளாய்டின் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ 1979இல் ‘தி வால்’ தொகுப்பில் வந்தது. அதன் கடைசிச் சோலோவுக்காக டேவிட் கில்மோர் ஐந்தாறு முறை மனம்போன போக்கில் வாசித்துப் பதிவு செய்தார். பிறகு உட்கார்ந்து கேட்டு, எந்தப் பதிவில் எந்த இடம் தேறுகிறது என்று தாளில் குறித்துக்கொண்டு, தேறிய துண்டுகளைக் கோத்தார். உலகமே சிலாகிக்கும் அந்தச் சோலோ, வாசித்துப் பார்த்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்தது.

‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ (1976) கதை இன்னும் வேடிக்கை. பாட்டின் மாதிரிப் பதிவைக் குழுவின் கிட்டார்க்காரர் டான் ஃபெல்டர் தன் வீட்டில் தனியாகச் செய்தார்; கிட்டார்ப் பகுதிகளை அந்த நேரத்துக்குத் தோன்றியபடி வாசித்து வைத்தார். ஸ்டுடியோவுக்கு வந்ததும் அவரும் இன்னொரு கிட்டார்க்காரர் ஜோ வால்ஷும் புதிதாக எதையோ வாசிக்கத் தொடங்க, பாடகர் டான் ஹென்லி தடுத்துவிட்டார். மாதிரியில் இருந்தபடியேதான் வேண்டும் என்றார். ஃபெல்டருக்குத் தான் வாசித்தது நினைவில் இல்லை. வீட்டுக்குத் தொலைபேசி போட்டு, பணிப்பெண்ணை அந்தக் கேசட்டை ஓடவிடச் சொல்லி, தன் வாசிப்பைத் தானே கேட்டுப் படித்துக்கொண்டார். ஒரு மனிதர் ஒரு நாள் தோன்றியபடி வாசித்து மறந்ததைத்தான் நாம் வேதபாடம் போல ஓதிக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. கோவைத்தம்பி தயாரித்த ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வைத் தெரியாத கிட்டார்க்காரர் தமிழ்நாட்டில் கிடையாது. அதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். பாட்டுக்கு இசையமைத்த இளையராஜா தன் குழுவுக்கு இசையை நோட்டேஷனாக எழுதிக்கொடுத்து வாசிக்கவைப்பவர். அவரே முதலில் கிட்டார்க்காரர்தான். சலீல் சௌத்ரிக்கு வாசித்தவர், ஜி.கே. வெங்கடேஷிடம் இருந்தவர், லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். ஆக, ஒரு சோலோ உருவாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. யோசித்து எழுதலாம், அல்லது வாசித்துப் பார்த்துத் தேறியதை எடுக்கலாம். இரண்டிலும் யாரோ ஒருவர் தேடியிருக்கிறார். நமக்குக் கிடைப்பது தேடலின் விடை மட்டும். அதை எத்தனை முறை வாசித்தாலும் தேடத் தெரியாது.

தேடுவதற்கு எங்கே போவது? அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் உங்கள் தாத்தா பாட்டிகள் விடிய விடியக் கேட்ட அண்ணன்மார் கதையிலிருந்து தொடங்கலாம். பொன்னரும் சங்கரும் அவர்களுடைய தங்கையும் வரும் அந்தக் கதையை உடுக்கை அடித்துப் பாடுகிறவர் பல இரவுகள் பாடுவார். கதையின் மைல்கற்கள் மாறாது. ஆனால் கூட்டம் கண்ணீர்விடும் இடத்தில் ஒப்பாரியை நீட்டுவார், மழை வரும் போலிருந்தால் போரைச் சுருக்குவார். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தபோது இந்தக் கதைப்பாடலை ஒலிநாடாவில் பதிந்தார். 1982இல் வந்த ‘தி த்ரீ ட்வின்ஸ்’ நூல் அதிலிருந்து பிறந்ததுதான்.

இத்தனை இரவுக்கான பாட்டை ஒருவர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்? இந்தக் கேள்விக்கு 1930களில் யுகோஸ்லாவியாவின் கதைப்பாடகர்களிடம் விடை தேடியவர்கள் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும். அந்தப் பாடகர்கள் வரிவரியாக மனப்பாடம் செய்யவில்லை. குதிரை ஏறுவதற்கு, விருந்துக்கு, போருக்கு என்று ஆயத்தமான சொற்கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பாடும்போதே பாட்டைக் கட்டினார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். லார்டின் ‘தி சிங்கர் ஆஃப் டேல்ஸ்’ 1960இல் வந்தது. இதே அளவுகோலைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி, ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

நீங்கள் ‘லிக்’ என்று சொல்கிறீர்களே, அதுவும் இந்தச் சொற்கட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் உடுக்கைப் பாடகருக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம். அவர் ஒரே கட்டைப் பத்து இடத்தில், பத்து விதமாகப் பயன்படுத்துவார். நீங்கள் லிக்கை ஒரு பாட்டில், ஒரு ஸ்கேலில், ஒரே வேகத்தில் படித்துவிட்டு அதை அந்தப் பாட்டுக்கே எழுதிவைத்துவிடுகிறீர்கள். ஒரு லிக்கை மூன்று சுருதியில் வாசிக்க வந்தால், மூன்று தாள நடையில் வாசிக்க வந்தால், அதன் முடிவை மூன்று விதமாக மாற்ற வந்தால் மட்டும் அது உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொந்தமான பத்து லிக் ஒருவரிடம் இருந்தால் நோம்பி மேடையில் அரை மணி நேரம் சமாளிக்கலாம்.

அடுத்தது, மனோதர்மத்துக்கென்றே, அதாவது அந்த நேரத்துக் கற்பனைக்கென்றே, முறையான பாடத்திட்டம் வைத்திருக்கும் நம் கர்நாடக இசை. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று ஏறி வந்த பிறகுதான் ஆலாபனையும் நிரவலும் கற்பனாஸ்வரமும் வரும். ‘உனக்குத் தோன்றியதைப் பாடு’ என்று எந்த வாத்தியாரும் மாணவரை நடுக்கடலில் தள்ளிவிடுவதில்லை. எங்கே தொடங்கலாம், எங்கே வந்து சேர வேண்டும் என்ற எல்லையைப் போட்டுக்கொடுத்து, அதற்குள் விளையாடச் சொல்கிறார். முதலில் ஓர் ஆவர்த்தனத்துக்கும் குறைவாக, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. எல்லை தெரிந்தால் கற்பனை தன்னால் வரும் என்பது அங்கே பல தலைமுறை கண்ட அனுபவம்.

நிரவலை எடுத்துக்கொள்ளுங்கள். சாகித்யத்தின் ஒரு வரியை எடுத்து, சொற்கள் தாளத்தில் விழும் இடத்தை மாற்றாமல், ஸ்வரங்களை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவது அது. கிட்டாருக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டின் பல்லவி முதல் வரியை வாசியுங்கள். அடுத்த முறை, அந்த வரியின் தாளக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்வரங்களை மாற்றுங்கள். பிறகு தலைகீழாக, ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு தாளக்கட்டை மாற்றுங்கள். முதல் வாரம் கேட்கச் சகிக்காது. போகப் போக, அந்தப் பாட்டுக்கு உறவான ஒரு சோலோ உங்கள் கையில் முளைத்திருக்கும். பாட்டோடு ஒட்டாமல் எங்கோ பறக்கும் சோலோவைவிட, பாட்டின் தாளத்தை உள்ளே வைத்திருக்கும் சோலோவைக் கூட்டம் உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

பென்டடானிக் ஸ்கேலுக்கு வருவோம். எல்லோரும் முதலில் கற்பது ஏ மைனர் பென்டடானிக்கின் ஐந்து பெட்டிகள். ஐந்தையும் மேலும் கீழுமாக ஓட்டத் தெரிந்தால் லீட் வாசிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. ஏ, சி, டி, இ, ஜி என்ற அந்த ஐந்து ஸ்வரங்களில் ஏ-யை ஆதார சட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி. அதே ஐந்தில் சி-யை சட்ஜமாக்கினால் மோகனம். டி என்றால் மத்யமாவதி. இ என்றால் ஹிந்தோளம். ஜி என்றால் சுத்த சாவேரி. கிரகபேதம் என்று சங்கீதக்காரர்கள் சொல்வது இதைத்தான். கிட்டார்ப் பாடத்தில் ஒரே ஸ்கேலின் ஐந்து பெட்டிகளாக இருப்பவை நம் இசையில் ஐந்து தனித்தனி ஆட்கள்; ஒவ்வொருவருக்கும் நடை வேறு, குணம் வேறு. கச்சேரி முடிகிற நேரத்தில் மத்யமாவதி வந்தால் கேட்பவருக்கு மனசு நிறைந்துவிடும். அதே ஐந்து ஸ்வரங்களை ஹிந்தோளமாகக் கேட்டால் அந்த நிறைவின் சாயலே இருக்காது. கைபேசியில் தம்புரா செயலியைப் போட்டு, டி-யில் சுருதியை வைத்து, ஒரு மாதம் மத்யமாவதி மட்டும் வாசித்துப் பாருங்கள். பெட்டி என்ற நினைப்பே போய்விடும்.

ஆனால் நம் இசையில் கார்டு மாறாது. உங்கள் பாட்டில் மாறும். இங்கேதான் வெறும் பென்டடானிக் கைவிடும். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று சுற்றும் பாட்டுகள் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கார்டின் குணத்தைச் சொல்வது அதன் மூன்றாவது ஸ்வரம். ஏ மைனருக்கு அது சி, எஃபுக்கு ஏ, சி-க்கு இ, ஜி-க்கு பி. முதல் மூன்றும் உங்கள் பென்டடானிக்கில் இருக்கின்றன. நான்காவதான பி அதில் இல்லை. ஜி கார்டு வரும்போதெல்லாம் உங்கள் சோலோ பிடிப்பில்லாமல் தொங்குவது இதனால்தான். ஐந்தாவது ஃப்ரெட் பெட்டியில் கையை வைத்திருக்கிறீர்களா? மூன்றாவது கம்பியில் ஒரு ஃப்ரெட் கீழே, அதாவது நான்காவது ஃப்ரெட்டில், பி காத்திருக்கிறது. ஜி கார்டில் அதைத் தொட்டுவிட்டு, கார்டு ஏ மைனருக்குத் திரும்பும் அதே நொடியில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு, சி-க்கு, ஏறுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட் நகர்வு. பின்னால் கார்டு வாசிக்க ஆளே இல்லாவிட்டாலும் கார்டு மாறியது கேட்பவர் காதில் விழும். வேகமாக வாசித்த நாற்பது ஸ்வரங்கள் செய்யாததை இந்த இரண்டு ஸ்வரங்கள் செய்யும்.

இறங்கும் இடம் தெரிந்தால் கிளம்பும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மிருதங்கக்காரர் தீர்மானம் வைப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி, சரியாகச் சமத்திலோ எடுப்பிலோ வந்து விழுவார். நான்கு அடி கொண்ட ஒரு பாரில் பதினாறு சின்ன மாத்திரை இருக்கிறது. முதல் மாத்திரையை விட்டுவிடுங்கள். மீதம் பதினைந்து. ‘ததிகிணதொம்’ ஐந்து எழுத்து. மூன்று முறை சொன்னால் பதினைந்து. அடுத்த பாரின் முதல் அடியில் சரியாக வந்து நிற்பீர்கள். முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு ஐந்து ஸ்வரம் கொண்ட ஒரு லிக்கை அந்த ஐந்து எழுத்தின் மேல் ஏற்றுங்கள். கூட்டத்துக்குக் கணக்கு தெரியாது. ஆனால் மூன்றாவது முறை முடிந்து சமத்தில் விழும்போது கை தானாகத் தட்டும். நம் ஊர்ச் சனம் தவில் கேட்டு வளர்ந்தது, அதற்கு இந்தக் கணக்கு காதுக்குள் இருக்கிறது.

மூச்சையும் மறக்காதீர்கள். நாகஸ்வரம் வாசிக்கிறவர் மூச்சு வாங்கியாக வேண்டும், பாடுகிறவரும் அப்படியே. கிட்டாருக்கு மூச்சு தேவையில்லை. அதனால் நாம் நிறுத்துவதே இல்லை. கார்வை கொடுக்காமல், இடைவெளி விடாமல், மூன்று நிமிடம் கொட்டித் தீர்க்கிறோம். சோலோ வாசிக்கும்போது வாயால் கூடவே பாடிக்கொண்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் கையும் நிற்கட்டும். பாட வராத எதையும் வாசிக்காதீர்கள் என்பதை ஒரு மாதத்துக்காவது விதியாக வையுங்கள். பி.பி. கிங் மேடையில் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். இரண்டும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். அவர் ஒரு ஸ்வரத்தை அசைத்து நிறுத்துவதைக் கேட்டால், சில சோலோக்களுக்கு எவ்வளவு குறைவான ஸ்வரங்கள் போதும் என்பது புரியும்.

‘இது ராக் மேடை, இங்கே எதற்குக் கர்நாடகம், உடுக்கை எல்லாம்?’ என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. கிட்டாருக்கும் இந்த மண்ணுக்கும் சம்பந்தம் இல்லை என்பவருக்கு முதலில் ஒரு செய்தி. உலகக் கிட்டார்த் தொழில் நம்பியிருக்கும் மரங்களில் ஒன்று ஈட்டி. கூடலூர்ப் பக்கமும் ஆனைமலையிலும் வளரும் அதே மரம். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு 1969இலேயே மாறிவிட்டது. மரத்தை மேலைநாட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இசையையும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். கிட்டார்க்காரர் ஜான் மெக்லாஃப்ளின் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார், 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவை நடத்தினார். கமகம் பிடிப்பதற்காக ஃப்ரெட்டுகளுக்கு நடுவே குழித்த கிட்டாரைச் செய்துகொண்டார். அந்தக் குழுவுக்கு 2024இல் கிராமி விருது கிடைத்தது.

எதிர்த்திசையில் நடந்தவர்களும் நம்மிடம் உண்டு. 1969இல் பிறந்து 2014இல் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ், கர்நாடக மேடை கண்டிராத எலெக்ட்ரிக் மாண்டலினைச் சிறுவயதிலேயே சபைகளில் ஏற்றினார். ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர், பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். சாதாரண ஃப்ரெட் கிட்டாரில் கம்பியை இழுத்தும் வழுக்கியும் கமகங்களைக் கொண்டுவந்து முழுக் கச்சேரி செய்கிறார். 2006இல் ஜிமி ஹென்ரிக்ஸுக்கு வணக்கம் வைத்து ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். எஞ்சினியரிங் படித்துக்கொண்டே கிட்டார் வாசிக்கும் உங்களுக்கு இவரைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டுமா? நான் உங்களைக் கச்சேரிக்காரர்கள் ஆகும்படி சொல்லவில்லை. ராக் வாசியுங்கள், மெட்டல் வாசியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கொல்லையில் விளைவதைத் தொடாமல், ஆயிரம் மைலுக்கு அப்பால் யாரோ பறித்ததை மட்டும் வாசிக்காதீர்கள்.

கோவை மண்ணிலேயே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஜுபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலை பார்த்த ஒரு பையன் இருந்தான். எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசைக்கூடத்தில் நாள் முழுக்க ஒத்திகை கேட்பதும், ஆள் இல்லாத நேரத்தில் ஹார்மோனியத்தில் கைவைப்பதும் அவன் வழக்கம். ‘அபிமன்யு’ (1948) படத்துக்கு நாயுடு ஒரு மெட்டுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, அந்தப் பையன் தனியாக வாசித்துப் பார்த்த மெட்டு அவர் காதில் விழுந்தது. அதையே படத்தில் வைத்தார். பையனின் பெயர் எம்.எஸ். விஸ்வநாதன். 1952இல் ‘பணம்’ படத்துக்கு ராமமூர்த்தியோடு இசையமைத்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மேதை என்று பேசி இதைத் தள்ளிவைக்க வேண்டாம். கேட்டுக் கேட்டு நிரம்பிய காது, யாரும் பார்க்காத நேரத்தில் தப்பும் தவறுமாக வாசித்துப் பார்க்கும் துணிச்சல், இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அந்த மெட்டு பிறந்தது. உங்கள் அறையில் இரண்டாவது இல்லை. பயிற்சி நேரத்திலும் வீடியோ எடுத்துப் போடுகிறீர்கள். தவறாக வாசிக்க உங்களுக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சுவதில்லை.

இன்னொரு பள்ளிக்கூடம் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது, நீங்கள்தான் மதிக்க மாட்டேன் என்கிறீர்கள். சூலூர், அவிநாசி, பல்லடம், அந்தியூர்ப் பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிறார்களே, அந்த லைட் மியூசிக் கிட்டார்க்காரர்கள். பாட்டு நடுவில் ஊர்ப் பெரியவர் மேடையேறிப் பொன்னாடை போர்த்துவார். அதுவரை இடையிசையை இழுத்துக்கொண்டே போக வேண்டும். பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தால் சுருதியை அந்த நொடியே இறக்க வேண்டும். எதுவும் எழுதித் தரப்படாது. அவர்களில் பலருக்குப் பென்டடானிக் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது, ஆனால் இருபத்தைந்தாவது பாருக்கு அவர்களிடம் எப்போதும் பதில் உண்டு. ஓர் இரவு மேடைக்குப் பின்னால் நின்று அவர்கள் கையைப் பாருங்கள். முடிந்தால் ஒரு பாட்டுக்கு வாசிக்க இடம் கேளுங்கள். அதே ஊரில் வள்ளி கும்மி நடந்தால் அதன் தாளத்தைக் கைபேசியில் பதிந்து வந்து, அதன் மேல் வாசியுங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த வள்ளி கும்மிக் கலைஞர் பத்ரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை; ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு ஊர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.

சாதனங்களைப் பற்றி ஒரே வரி: அடுத்த பெடல் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். கல்கத்தா கிவ்சன் கிட்டாரில் வராத யோசனை விலையுயர்ந்த ஃபெண்டரிலும் வராது.

கடைசியாக, மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள்.

வாசிக்கிற உங்களுக்கு: இந்த செமஸ்டர் முழுவதும் வேறொருவர் சோலோவை மேடையில் வாசிக்காதீர்கள். வீட்டில் படியுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், திருடுங்கள். மேடையில் மட்டும் உங்களுடையதை வாசியுங்கள். கில்மோர் செய்ததுபோல் ஐந்தாறு முறை மனம்போனபடி வாசித்துப் பதிந்து, தேறியதைக் கோத்து ஒரு எட்டு பார் சோலோ செய்யுங்கள். அது சுமாராகத்தான் இருக்கும். சுமாரான உங்கள் சோலோ, சுத்தமாக ஒப்பித்த மற்றவர் சோலோவைவிட உங்களை ஒரு படி மேலே ஏற்றும்.

குழுவில் உள்ள மற்றவர்களுக்கு: ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு பாட்டிலாவது எட்டு பார் காலியாக விடுங்கள். அதில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஒரு முறை வாசித்ததை மறுமுறை வாசிக்கக் கூடாது என்று வையுங்கள். தடுமாறுகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். டிரம்மர் தாளத்தை விடாமல் பிடித்துக்கொடுத்தால் அவர் எழுந்து வந்துவிடுவார்.

விழா நடத்தும் கல்லூரிக்காரர்களுக்கும் நடுவர்களுக்கும்: இசைக்குழுப் போட்டியில் ஒரு சுற்றை மனோதர்மத்துக்கு ஒதுக்குங்கள். மேடைக்கு வந்த பிறகு சீட்டுக் குலுக்கி ஒரு கார்டு வரிசையைக் கொடுங்கள். இரண்டு நிமிடம் யோசிக்க விடுங்கள். பதினாறு பார் வாசிக்கச் சொல்லுங்கள். அசல் பதிவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடுவதை அன்று ஒரு நாள் நிறுத்திவையுங்கள். பம்புசெட்டும் கிரைண்டரும் தானே வடிவமைத்து உலகுக்கு விற்ற ஊர் இது. ஒரு சோலோவை மட்டும் ஏன் இறக்குமதி செய்துகொண்டிருக்க வேண்டும்?

அன்புடன்,
உங்கள் ஊர்க் கிட்டார்க்காரன்